பிணை

பண்டாரவளை ஹோட்டல் மண்டபத்தில்
என் வாய்க்கு வேலை.
ஒரு நாளைக்கு நாலாயிரம்,
பகல் சாப்பாடு தனி.
வேல்ஸ் நாட்டுத் தொழிலதிபர்கள் நால்வர்
தோட்டத்துப் பெண்களுக்கு ஊக்கமூட்ட வந்திருந்தார்கள்.
ஊக்கம் என்ற சொல்
பதினொரு மணிக்குள் என் நாக்கில்
ஆறிப்போன பிளேன்டீ ஆகிவிட்டது.

முதலாமவர் சீஸ் செய்கிறார்.
இரண்டாமவர் கடலில் காற்றாடி நட்டு
மின்சாரம் விற்கிறார்.
மூன்றாமவர் பேசியதை நான் பாதியாய்ச் சுருக்கினேன்,
அவர் கவனிக்கவில்லை.

கடைசியாக எலினெட் ப்ரோத்தரோ.
குள்ளம், உரத்த குரல், தடிமனில் சிவந்த மூக்கு.
மலையேறுகிறவர்களுக்குச் செம்மறி ரோமத்தில்
காலுறை பின்னும் ஆலை, நாற்பத்து மூன்று பேருக்குச் சம்பளம்.
காலுறை என்றேன்.
மண்டபம் சும்மா பார்த்தது.
மேஸ் என்றேன்.
ஆ, மேஸா! என்று ஒரு சிரிப்பு
பின்வரிசை வரை போய்த் திரும்பியது.

மைக் வருமுன்னே எழுந்துவிட்டாள் புஷ்பகாந்தி.
ஓஹியா ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு
அட்டை ஏறாத மேஸ் தைத்து விற்பவள்.
முழங்கால் வரை தடித்த துணி, மேலே நாடா.
சோடி எண்ணூறு,
மழை பெய்தால் ஆயிரம்.
“மொத லோனுக்கு
பேங்க்ல என்ன ஈடு வச்சீங்க?”

அப்பாவுடைய வீடு, என்றாள் எலினெட்.
அப்பாவுடைய வீடு, என்றேன் நான்.
சொன்ன பிறகுதான்
நான் சொன்னது எனக்கே கேட்டது.

அறுபது பெண்கள்,
அறுபது அப்பாக்கள்,
உறுதி ஒன்றுகூட இல்லை.
ஐந்தாம் லயம் மூன்றாம் காம்பரா
என்று முடிகிற விலாசங்கள்.
என் விலாசமும் அப்படித்தான் முடியும்.
அதைச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

ஏன் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள், என்று
என் காதருகே கேட்டாள்.
வீடு கம்பனியுடையது, என்றேன்.
மூக்கைச் சிந்தினாள்.
நேரமெடுத்துச் சிந்தினாள்.

அவள் தாத்தா நிலக்கரி வெட்டினாராம்.
அந்த வீடும் கம்பனியுடையதுதானாம்.
சுரங்கத்தில் பாறை விழுந்து அவர் செத்த மாதமே
காலி பண்ணச் சொன்னார்களாம்.
அதே வரிசையில் ஒரு வீட்டை வாங்க
அப்பாவுக்கு இருபத்திரண்டு வருடம்.
ஈடு வைத்த அன்று
கையெழுத்து கோணலாய் விழுந்ததாம்.

ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவராக முப்பது வீடு.
அதற்கு அவள் ஒரு சொல் சொன்னாள்.
அகராதி தொடர்மனை என்கும்.
நான் லயம் என்றேன்.
மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

புஷ்பகாந்தி மட்டும் உட்காரவில்லை.
“சரி, ஒங்கப்பா வாங்கினாரு.
எங்களுக்கு வாங்க ஏலாதே.
அப்ப நாங்க எத வைக்கிறது?”

தெரியாது, என்றாள் எலினெட்.
அன்று நான் மொழிபெயர்த்ததில்
எனக்குப் பிடித்த சொல் அதுதான்.

சாப்பாட்டு வரிசையில்
அட்டை மேஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு
ஒற்றைக் காலில் நின்றாள் எலினெட்.
கழற்றினாள், உட்புறத்தை வெளியே திருப்பினாள்.
கணுக்காலில் ஒற்றைத் தையல், இரட்டை போடு.
பருத்தி நூல் வேண்டாம், ஊறினால் இற்றுவிடும்.
“ரெட்டை போட்டா தொண்ணூறு கூட.
அத யாரு குடுக்கிறது?”
தட்டின் ஓரத்தில் விரலால் கணக்கு எழுதினார்கள்,
பருப்புக் குழம்பில்.
கொஞ்ச நேரம் நான் தேவைப்படவில்லை.

நானூறு சோடி.
முற்பணம் தருகிறேன், என்றாள் அவள்.
“சல்லி பொறவு பாப்பம்.
கடிதாசில எழுதித் தரச் சொல்லுங்க.
எத்தன சோடி, என்ன வெல,
கையெழுத்து, சீலு.
அதத்தான் பேங்க்ல வைக்கப் போறேன்.”

பேங்க் ஒத்துக்கொள்ளுமா, தெரியாது.
செவ்வாய்க்கிழமை போகிறோம்.
சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

எனக்கும் ஒரு சோடி வேண்டும், என்றேன்.
புஷ்பகாந்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.
ஹப்புத்தளைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது.
“ஆயிரம்” என்றாள்.